தூத்துக்குடிக் கடற்கரை எதை வைத்துப் பிழைக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், கல்லூரிப் புராஜெக்ட்டுக்காக வரும் பிள்ளைகள், திருச்செந்தூர் போகிற வழியில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்களைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தும் சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். என் அம்மா முப்பது வருடம் அளத்து வேலை (அளம் என்றால் உப்பளம்) பார்த்தவர். நான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்து, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலும் எழுதியிருக்கிறேன்.

இங்கே கடற்கரை என்று சொல்வது வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை போகும் தூத்துக்குடி மாவட்டக் கரையை. நீளம் சுமார் 163 கிலோமீட்டர்.

முத்து நகர்னுதானே சொல்வாங்க. இப்ப ஊரு எதை வச்சு ஓடுது?

முத்து பெயரில் மட்டும்தான் இருக்கிறது (அதற்குத் தனியாகப் பதில் கீழே உண்டு). இன்று ஊரைத் தாங்குவது துறைமுகமும் அதைச் சுற்றியுள்ள லாரி, குடோன், கன்டெய்னர் வேலைகளும், உப்பும், மீனும், மீன் பதப்படுத்தும் கம்பெனிகளும், உரம், ரசாயன ஆலைகளும், நிலக்கரியில் ஓடும் அனல்மின் நிலையங்களும்தான். கரையை விட்டு உள்ளே போனால் கோவில்பட்டியின் தீப்பெட்டியும், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாயும் இருக்கின்றன. அது கரிசல் பூமியின் கதை, இங்கே தொடவில்லை.

பெரிய பணம் புழங்குவது துறைமுகத்திலும் ஆலைகளிலும். வெயிலில் நின்று கையால் வேலை செய்கிறவர்களைத் தேடினால் உப்பளத்துக்கும் கடலுக்கும்தான் போக வேண்டும். யாராவது இந்த ஊர்ப் பொருளாதாரத்தைப் பற்றி ஒரு எண்ணைச் சொன்னால், அது வருடத்தில் எத்தனை மாதத்துக்கான பணம் என்று கூடவே கேளுங்கள். இந்தக் கரையைப் புரிந்துகொள்ள அந்த ஒரு கேள்வி போதும் என்று எனக்குத் தோன்றும்.

உப்பு கடல் தண்ணியைக் காய்ச்சித்தானே எடுக்கிறாங்க?

காய்ச்சுவது வெயிலும் காற்றும், அடுப்பு கிடையாது. கடல் நீரை விடுகிற அளங்களும் உண்டு. ஆனால் இங்கே பல அளங்களில் போர் போட்டு நிலத்தடி உப்புநீரைத்தான் மோட்டார் வைத்து எடுக்கிறார்கள். கடல் நீரின் செறிவு சுமார் 3 டிகிரி (இங்கே டிகிரி என்பது சூடு இல்லை, உப்புச் செறிவின் அளவு) என்றால் நிலத்தடி நீர் அதைவிடக் கூடுதலாக இருக்கும். அதனால் காய்வதற்கு நாள் குறைகிறது.

அந்தத் தண்ணீரை முதலில் தெப்பத்தில் தேக்குவார்கள். அங்கிருந்து ஒவ்வொரு கட்டமாக இறக்கி, டிகிரி ஏற ஏறக் கடைசியில் பாத்திக்கு விடுவார்கள். வழியிலேயே ஜிப்சம் தனியாகப் படிந்துவிடும், அது சிமென்ட் ஆலைக்குப் போகும். சுமார் 25 டிகிரியில் உப்பு மணி விழத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். அதற்குள் மிச்ச நீரை வெளியே விட்டுவிட வேண்டும். அளத்தில் பழகிய ஆட்கள் நீரின் நிறத்தையும் கையில் பிசுபிசுக்கும் விதத்தையும் வைத்தே டிகிரி சொல்வார்கள். விழுந்த உப்பை வாருபலகையால் இழுத்துச் சேர்த்து, தட்டுமேட்டில் அம்பாரமாகக் குவிப்பார்கள். நீங்கள் சாலையிலிருந்து பார்ப்பது அந்த அம்பாரங்களைத்தான்.

சென்னையிலயும்தான் கடல் இருக்கு. இங்க மட்டும் ஏன் இவ்வளவு உப்பு?

உப்பு விளைய வேண்டியது கடல் மட்டும் என்றால் தமிழ்நாட்டின் கரை முழுக்க அளமாக இருந்திருக்கும். மழை குறைய வேண்டும், வெயில் நீள வேண்டும், காற்று விடாமல் அடிக்க வேண்டும், நிலம் தட்டையாக இருக்க வேண்டும், நீரை உறிஞ்சாத களிமண் அடியில் இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கேரளம் நனையும்போது இங்கே காய்ந்த காற்று மட்டும் வருகிறது. கச்சான் காற்று என்று சொல்வோம். பாத்திக்கு அதுதான் விறகு.

நாட்டில் உப்பு உற்பத்தியில் குஜராத் முதலிடம், தமிழ்நாடு அதற்கு அடுத்த இடம். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடியைச் சேர்ந்தது. சுமார் 25,000 ஏக்கரில் அளங்கள் இருக்கின்றன, நல்ல ஆண்டில் 25 லட்சம் டன் வரை விளையும்.

மழை வந்தா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. உப்பளக்காரங்க மட்டும் ஏன் வானத்தைப் பாத்து பயப்படுறாங்க?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கினால் பாத்தி எல்லாம் குளம். டிசம்பர் வரை உப்பு கிடையாது. ஜனவரியில் தண்ணீரை வடித்து, சேற்றை அள்ளி, பாத்தியை மிதித்து மிதித்துத் தரையை இறுக்க வேண்டும். பிறகுதான் புது உப்பு. ஆக, அளத்தில் நிறைவான வேலை என்பது வருடத்தில் ஏழெட்டு மாதம்தான். கோடையில் திடீரென்று ஒரு மழை பெய்தால், இருபது நாள் காய்ச்சிய நீர் ஒரு மணி நேரத்தில் நீர்த்துப் போகும், திரும்ப முதலிலிருந்து.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்ததை மழை என்றே சொல்ல முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் பக்கம் ஒரு வருடத்துக்குப் பெய்வதைவிட அது அதிகம். விற்பதற்காக ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடி வைத்திருந்த அம்பாரங்கள் கரைந்து போயின. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். தட்டுமேடு இருந்தது, உப்பு இல்லை.

மழை மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. அது வந்தது பெரிய விஷயம்தான். அதற்கு முன்னால் அந்த மாதங்களில் வட்டிக்கு வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லாத வீடுகளில் நாங்களும் ஒன்று. ஆனால் மூன்று மாதத்துக்கு 5,000 என்பது போதாது. இதை நான் எங்கேயும் சொல்வேன்.

கடையில உப்பு பாக்கெட் விலை ஏறிக்கிட்டே போகுது. அளத்துல இருக்கிறவங்களுக்கு ஏன் ஒண்ணும் கிடைக்கல?

கடையில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் சுத்திகரிப்பு, அயோடின் சேர்ப்பு, பாக்கெட், வண்டி, விளம்பரம், கடைக்காரர் லாபம் எல்லாம் இருக்கிறது. அளத்தில் உப்பு டன் கணக்கில் விலை போகிறது. விளைச்சல் கூடிப்போன ஆண்டில் டன் 2,000 ரூபாய்க்குக் கீழேகூட இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் கிலோ இரண்டு ரூபாய்கூட இல்லை. மழை கெடுத்த ஆண்டில் விலை ஏறும், ஆனால் அப்போது விற்க உப்பு இருக்காது. இன்னொன்று, இங்கே விளைவதில் பெரும் பங்கு சாப்பாட்டுக்கே போவதில்லை. காஸ்டிக் சோடா, சோடா ஆஷ், தோல் பதனிடுதல், கருவாடு, ஐஸ் என்று தொழில்களுக்குப் போகிறது. அங்கே பேரம் பேசுகிறவர்கள் பெரிய வாங்குபவர்கள்.

சாப்பாட்டு உப்பில் அயோடின் சேர்க்காமல் விற்கக் கூடாது என்ற தடை 2006-ல் வந்தது. உடம்புக்கு நல்ல சட்டம். ஆனால் அதற்கான கருவியோ பாக்கெட் போடும் வசதியோ இல்லாத சிறு அளக்காரர்கள் மொத்த வியாபாரியிடம் கொடுப்பதோடு நிற்க வேண்டியிருக்கிறது. அரசின் உப்புக் கழகம் ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் அளம் வைத்து, 2022-ல் நெய்தல் என்ற பெயரில் தானே பாக்கெட் உப்பு கொண்டுவந்தது. சிறு உற்பத்தியாளர்கள் சேர்ந்து அப்படி ஒன்று செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

கூலியைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். ஒரே அளத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும், காலில் வெடிப்பு விழுந்தால் உப்புநீரில் ஆறாது. அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள் கண்ணில் புரை வந்தது. அந்தத் தெருவில் அவர் மட்டும் அப்படி இல்லை.

சரி, முத்து இன்னும் எடுக்கிறாங்களா?

இல்லை. அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. அதற்குப் பிறகு பார்களில் சிப்பி சேரவில்லை. பார் என்றால் கடலுக்கடியில் சிப்பி வாழும் பாறைத் திட்டு. அந்தக் காலத்திலும் முத்து ஒவ்வொரு வருடமும் கிடைத்ததில்லை. சில வருடம் சிப்பி நிறையும், பிறகு பல வருடம் ஒன்றும் இருக்காது. பாண்டியர் காலத்தில் இந்தத் தொழிலின் துறைமுகம் கொற்கை. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட, கொற்கை இன்று வயலுக்கு நடுவில் இருக்கிற ஒரு கிராமம். பிறகு காயல், அப்புறம் தூத்துக்குடி என்று துறை மாறிக்கொண்டே வந்தது. போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் மூவரும் இந்தக் கரைக்கு வந்ததில் முத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குளித்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள்.

வளர்ப்பு முத்தை இந்தியாவில் முதலில் செய்து காட்டியதும் இங்கேதான். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1973-ல் தூத்துக்குடியில் அதைச் சாதித்தது. ஆனால் அது ஊர்த் தொழிலாக வளரவில்லை. சங்கு குளிப்பது மட்டும் இன்னும் தொடர்கிறது. இங்கே எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய் கல்யாணப் பெண்களின் வளையலாகிறது.

தடைக்காலத்துல 61 நாளும் மீனே கிடைக்காதா?

கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக விட்ட காலம் அது. முன்பு 45 நாள், 2017-லிருந்து 61 நாள். நாட்டுப்படகுகளும் ஃபைபர் வள்ளங்களும் போகலாம். வரத்து குறைவதால் அப்போது சீலா மீனின் விலையைக் கேட்டால் திரும்பி வந்துவிடுவீர்கள். நாட்டுப்படகுக்காரருக்கு வருடத்தில் நல்ல விலை கிடைப்பதே அந்த நாட்களில்தான்.

தடைக்கால நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023-ல் அறிவித்தார்கள். படகில் போகிறவர் குடும்பத்துக்கு அது கிடைக்கும். ஐஸ் உடைக்கிறவர், கூடை தூக்குகிறவர், கம்பெனியில் இறால் உரிக்கிற பெண்கள் இவர்களுக்கும் அந்த 61 நாள் வேலை குறைகிறது. அவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

விசைப்படகுக்காரங்களுக்கும் நாட்டுப்படகுக்காரங்களுக்கும் எப்பவும் என்ன சண்டை?

கரையை ஒட்டிய கடல் யாருக்கு என்பதுதான் சண்டை. 1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரைக்கு அருகிலுள்ள பகுதியை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. விசைப்படகின் இழுவலை அடிமட்டத்தைச் சுரண்டிக்கொண்டு போகும். அந்த வழியில் நாட்டுப்படகுக்காரர் விரித்திருக்கும் வலை இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். ஒரு வலை போனால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு போனது மாதிரி. விசைப்படகுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. டீசல் விலை ஏறியபடி இருக்க, போன அன்றே திரும்ப வேண்டும் என்றால் தூரத்துக்குப் போக முடியாது. அதனால் தங்கு கடலுக்கு (பல நாள் கடலில் தங்கி மீன் பிடிப்பதற்கு) அனுமதி வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் பேச்சு.

இதே கரையில் தருவைகுளத்துக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். இழுவலையை விட்டுவிட்டுச் செவுள்வலையோடு பல நாள் ஆழ்கடலுக்குப் போய்ச் சூரை மாதிரி பெரிய மீன் பிடிக்கிறார்கள். அதில் தூரமும் ஆபத்தும் அதிகம், எல்லை தாண்டினால் பிடிபடவும் நேர்கிறது. ஆனால் கரைக்கடலில் அடுத்தவர் வலையை அறுக்காமல் பிழைக்க ஒரு வழி இருக்கிறது என்று காட்டியவர்கள் அவர்கள்.

நம்ம கடல் இறாலை அமெரிக்கா வாங்கறதில்லையாமே? அப்ப எதை ஏற்றுமதி பண்றாங்க?

கேள்விப்பட்டது சரிதான். இழுவலையில் ஆமை மாட்டினால் தப்பித்துப் போக ஒரு தடுப்புக் கருவி இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் விதி. இந்தியப் படகுகளில் அது இல்லை என்று 2019-லிருந்து கடலில் பிடித்த இந்திய இறாலை அங்கே விடுவதில்லை. அமெரிக்காவுக்குப் போவது பண்ணையில் வளர்த்த வண்ணாமை இறால். இதை வளர்க்க இந்தியா 2009-ல் அனுமதித்தது. கடலில் பிடிக்கும் கணவாய், நண்டு முதலியவை ஐரோப்பாவுக்கும் ஆசிய நாடுகளுக்கும் போகின்றன.

ஒரே நாட்டை நம்பியிருப்பதன் கஷ்டம் 2025 ஆகஸ்டில் தெரிந்தது. அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மேல் வரியை 50 சதவீதமாக ஏற்றிய வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எல்லாம் ஒரே கேள்வி: அனுப்பலாமா, நிறுத்தலாமா?

துறைமுகம் இயற்கையா அமைஞ்சதா?

இல்லை. கடலுக்குள் கல்லைக் கொட்டி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைதடுப்புச் சுவர் கட்டி, நடுவில் அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்கியது. 1974 ஜூலை 11-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011-ல் வ.உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. அவர் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி ஆங்கிலேயரோடு போட்டி போட்டது இந்தப் புதுத் துறைமுகத்தில் இல்லை, ஊருக்குள் இருக்கிற பழைய துறையில். அங்கே ஆழம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், சரக்கும் ஆட்களும் தோணியில் போய் ஏற வேண்டும்.

இப்போது ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கு கையாள்கிறார்கள். நிலக்கரிதான் அதில் பெரிய பங்கு. கன்டெய்னரில் திருப்பூர் பனியன், கரூர் போர்வை, கிரானைட், கடல் உணவு போகும். கச்சா முந்திரி, மரம், பஞ்சு வரும். காற்றாலையின் இறக்கை ஏற்றுவதை ஒரு தடவை பாருங்கள். அவ்வளவு நீளமானதை லாரி டிரைவர் ரவுண்டானாவில் திருப்பிக் கொண்டுவரும் லாவகத்தைப் பார்த்து நான் பல தடவை நின்றிருக்கிறேன்.

அந்தத் தோணி இன்னும் ஓடுதா?

ஓடுகிறது. பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் காய்கறி, மளிகை, கட்டுமானப் பொருள் போகிறது. சிறு தீவுகளுக்குப் பெரிய கப்பல் கட்டுப்படியாகாது என்பதால் தோணிக்கு இன்னும் வேலை இருக்கிறது. கச்சான் வலுக்கும் மாதங்களில் கரையில் கட்டிவிடுவார்கள். பாத்திக்கு விறகு என்று சொன்ன அதே காற்று தோணிக்காரருக்குச் சோற்றை நிறுத்துகிறது. மரத் தோணி கட்டத் தெரிந்த ஓடாவிகளும், தண்டல் (தோணியின் தலைவர்) வேலை தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்தக் கரையில் எனக்கு அதிகம் கவலை தரும் தொழில் இதுதான்.

இவ்வளவு பெரிய துறைமுகம் இருந்தும் நம்ம கன்டெய்னர் ஏன் கொழும்புக்குப் போயி கப்பல் மாறுது?

நிறையப் பேர் கோபமாகக் கேட்பது இது. ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகும் தாய்க்கப்பல் மிகப் பெரியது. அது நிற்க 16 மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும். இங்கே சுமார் 14 மீட்டர்தான். அதனால் சிறிய ஃபீடர் கப்பலில் கொழும்புக்குக் கொண்டுபோய் அங்கே மாற்றுகிறார்கள். ஒரு இரவுப் பயணம்தான், ஆனால் இரண்டு தடவை ஏற்றி இறக்கும் செலவும், அங்கே நெரிசலானால் சரக்கு நாள்கணக்கில் கிடப்பதும் ஏற்றுமதிக்காரர் தலையில் விழுகிறது.

ஆழத்தைக் கூட்டினால் மட்டும் தீராது. ஒரு தாய்க்கப்பல் வந்து நிற்க வேண்டுமென்றால் அதற்குத் தேவையான அளவு கன்டெய்னர் ஒரே இடத்தில் சேர வேண்டும். கொழும்பில் பல நாட்டுச் சரக்கு சேர்கிறது. 2024 செப்டம்பரில் இங்கே புது கன்டெய்னர் முனையம் திறந்தார்கள், வெளித்துறைமுகத் திட்டமும் பேச்சில் இருக்கிறது. இதற்கிடையே கேரளத்தில் 2025 மே 2-ல் விழிஞ்ஞம் திறக்கப்பட்டது. அங்கே இயற்கையிலேயே ஆழம். கொழும்போடு போட்டி என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு இப்போது பக்கத்து மாநிலமும் போட்டி.

ரசாயன ஆலை எல்லாம் ஏன் இங்கயே குவிஞ்சிருக்கு?

மூலப்பொருள் கப்பலில் வருகிறது, உப்பு பக்கத்திலேயே விளைகிறது, மின்சாரம் இங்கேயே உற்பத்தியாகிறது. அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் 1979-ல் ஓடத் தொடங்கியது. ஐந்து யூனிட்டும் சேர்ந்து 1,050 மெகாவாட். பிறகு 2015-ல் 1,000 மெகாவாட்டில் இன்னொரு நிலையமும் வந்தது. ஒரு ஆலையின் மிச்சம் அடுத்த ஆலைக்கு உணவாவதும் உண்டு. ஸ்பிக் உர ஆலையில் அம்மோனியா இருந்தது. அதையும் கரியமில வாயுவையும் உப்போடு சேர்த்தால் சோடா ஆஷ் வரும், கூடவே அம்மோனியம் குளோரைடு உரமும் வரும். அதற்காகத்தான் பக்கத்திலேயே ஆல்கலி ஆலை எழுந்தது. தெற்கே சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா ஆலைக்கும் உப்புதான் ஆதாரம்.

இவை எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர் வேண்டும். தாமிரபரணியின் பழைய எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். அதற்குக் கீழே ஆத்தூர் வெற்றிலையும் வாழையும் நெல்லும் இருக்கின்றன. ஆலைக்கா வயலுக்கா என்ற கேள்வி கோடைதோறும் வரும். கடல்நீரைச் சுத்திகரித்து ஆலைகள் பயன்படுத்துவதுதான் நியாயம் என்பது என் கருத்து.

காப்பர் ஆலையை மூடினது ஊருக்கு நல்லதா கெட்டதா? நேரா சொல்லுங்க.

நேராகவே சொல்கிறேன். 1996-ல் தொடங்கிய ஸ்டெர்லைட் ஆலைக்கு ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் இருந்தது. நாட்டின் தாமிரத் தேவையில் பெரிய பங்கை அது கொடுத்தது. மூடிய பிறகு இந்தியா தாமிரம் இறக்குமதி செய்யும் நாடானது. லாரி, துறைமுகம், காண்ட்ராக்ட் வேலை என்று பலருக்கு வருமானம் போனதும் உண்மை. என் கூடப் படித்த இரண்டு பேர் அதனால் ஊரை விட்டே போனார்கள்.

ஆனால் காற்று, நிலத்தடி நீர் பற்றிப் பல வருடம் மக்கள் புகார் சொல்லி, போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22-ல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்த பிறகுதான் அரசு ஆலையை மூடியது. திறக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29-ல் தள்ளுபடி செய்தது. போன வேலையை வேறு தொழிலால் ஈடுகட்ட முடியும். 13 பேரை எதனாலும் ஈடுகட்ட முடியாது. லாப நஷ்டக் கணக்கை அங்கிருந்து தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

ராக்கெட் தளம், கார் ஃபேக்டரி எல்லாம் வருதே. இனி எல்லாருக்கும் வேலைதானே?

கார் ஆலையிலிருந்து தொடங்கலாம். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை சிப்காட் பகுதியில் 400 ஏக்கரில் 2025 ஆகஸ்ட் 4-ல் திறக்கப்பட்டது. ஆரம்பத் திறன் ஆண்டுக்கு 50,000 கார். ஐடிஐ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளுக்கு சென்னை போகாமல் ஒரு வழி கிடைத்திருக்கிறது. சந்தோஷம்தான்.

குலசேகரப்பட்டினம் வேறு மாதிரி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவினால் இலங்கைக்கு மேல் பறக்கக் கூடாது என்று ராக்கெட் வளைந்து போக வேண்டும். சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவிலேயே எரிபொருள் தீர்ந்துவிடும். குலசையிலிருந்து நேராகத் தெற்கே போகலாம், கீழே கடல்தான். 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2,200 ஏக்கருக்கும் மேல் எடுத்திருக்கிறார்கள். ஏவுதளம் என்பது நிறைய ஆள் வேலை செய்யும் இடம் கிடையாது. ஏவுகிற நாட்களில் படகுகள் அந்தப் பக்கம் போக முடியாது. தளத்தைச் சுற்றி உதிரிப்பாகத் தொழில்கள் வந்தால்தான் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பலன். மீனவர்களுக்கு இழப்பு நாட்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும்.

தீவையும் பவளப்பாறையையும் காப்பாத்தறதுக்கும் பொருளாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

மேலே மீனைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் இதுதான் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை. மீன் குஞ்சு வளர்வது அங்கே. 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் பல வருடம் அந்தப் பாறையை உடைத்துச் சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். தடுப்பாக இருந்த பாறை போனதும் அலை நேராகத் தீவை அறுத்தது. இரண்டு தீவுகள் மூழ்கின. அதில் விலங்குசல்லி எங்கள் பக்கத்துத் தீவு.

துறைமுகத்துக்கு அருகிலுள்ள வான் தீவு ஒரு காலத்தில் சுமார் 16 ஹெக்டேர். 2015 வாக்கில் இரண்டு ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியிருந்தது. பிறகு அதன் முன்னால் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அலை தணிந்து, மணல் திரும்பச் சேரத் தொடங்கியது, மீனும் அந்தப் பாறையில் ஒதுங்கியது. இந்தக் கரையில் நான் பார்த்த நல்ல செலவுகளில் அது ஒன்று.

வருஷத்துல எந்த மாசம் ஊர்ல பணம் புழங்கும்?

யாருக்கு என்று பார்த்தால் பதில் மாறும். மார்ச் முதல் செப்டம்பர் வரை அளத்தில் வேலை இருக்கும். அதே கோடையில் தேரிக்காட்டில் பதநீர் இறங்கும், உடன்குடியில் கருப்பட்டி காய்ச்சுவார்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை விசைப்படகுக்காரர் வீட்டில் இறுக்கம், நாட்டுப்படகு வீட்டில் கொஞ்சம் தெம்பு. கச்சான் மாதங்களில் தோணி கரையில். ஜூலை 26-லிருந்து ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா, அப்போது கடைத்தெரு நிறையும். புரட்டாசியில் மீன் விலை விழும். அதை ஒட்டி வரும் குலசை தசராவில் உள்ளூர் வியாபாரிகள் அள்ளுவார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அளத்துத் தெருக்களில் அடகுக் கடைக்குக் கூட்டம் போகும்.

துறைமுகம் மட்டும் பன்னிரண்டு மாதமும் ஓடும். எனக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று வந்த முதல் வருடம், ஐப்பசியில் அம்மா வழக்கம்போல நகையை எடுத்துத் துணியில் முடிந்து வைத்தார். வேண்டாம் என்று சொன்ன பிறகும் இரண்டு நாள் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை.

உப்பளத்தை நேர்ல பாக்கணும். எப்ப வரலாம்?

ஏப்ரல், மே மாதம் வாருங்கள், விடிவதற்கு முன்னால் வந்துவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பலர் இருட்டிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். அளம் தனியார் இடம், உரிமையாளரிடமோ கங்காணியிடமோ கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேலை செய்கிறவர்களைப் படம் எடுக்கும் முன் அவர்களிடமும் கேளுங்கள். பாத்தி வரப்பில் நடங்கள், பாத்திக்குள் செருப்போடு இறங்காதீர்கள். ஒரு கால் சேறு பட்டால் அந்த இடத்து உப்பை யாரோ ஒரு அக்கா தனியாக வாரி ஒதுக்க வேண்டியிருக்கும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கொண்டுவாருங்கள். கூடுதலாக இரண்டு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், அங்கே கொடுத்துவிட்டு வரலாம்.